பைன் பாரன்ஸ் மணல் பாதை: முதன்முதலாகக் காட்டுக்குள் வண்டி இறக்கப் போகிறவர்களுக்கு

நியூ ஜெர்சி என்றால் நம் ஆட்களில் பலருக்குத் தெரிந்தது டர்ன்பைக் நெடுஞ்சாலையும், அதன் ஓரத்து எண்ணெய்க் கிடங்குகளும், சனிக்கிழமை பார்க்கிங் கிடைக்காத இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோடும்தான். இதே மாநிலத்தின் தெற்குப் பாதியில் 11 லட்சம் ஏக்கரில் பைன் பாரன்ஸ் விரிந்து கிடக்கிறது. காடும் சதுப்பும் க்ரான்பெர்ரிப் பண்ணைகளும் சின்னச் சின்ன ஊர்களும் கலந்த நிலம். 1978-ல் அமெரிக்காவின் முதல் ‘தேசிய ரிசர்வ்’ ஆக அறிவிக்கப்பட்டது இதுதான். அதற்குள்ளே இருக்கும் வார்ட்டன் ஸ்டேட் ஃபாரஸ்ட் மட்டும் 1,20,000 ஏக்கருக்கு மேல். எடிசன் ஊரிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் அதன் வாசலில் நிற்கலாம். பல வருடம் இங்கே குடியிருந்தும் இந்தப் பக்கமே வராதவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

இந்தக் காட்டுக்குள் மைல் கணக்கில் மணல் பாதைகள் போகின்றன. பெரும்பாலானவை யாரும் பொழுதுபோக்குக்காக வெட்டியவை அல்ல. இரும்பு உருக்கவும் கரி சுடவும் மரம் வெட்டவும் மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் போய் வந்த தடங்கள். அதில்தான் இப்போது நாம் வண்டி ஓட்டுகிறோம்.

ஆஃப் ரோடு, அதாவது சாலையை விட்டு இறங்கி ஓட்டுவது என்றதும் எல்லோர் மனதிலும் வருவது பாறை மேல் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு தொங்கும் ஜீப்தான். எத்தனையோ பெண்கள் என்னிடம் ‘அதெல்லாம் நமக்கு ஆகாதுக்கா’ என்று சொன்னதற்கு அந்த வீடியோக்கள்தான் காரணம். ஒரு பாதை புதியவர்களுக்கு ஏற்றதா என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: ஏதாவது பிசகினால் என்ன ஆகும்? மலைப்பாதையில் பிசகினால் உருண்டுவிடலாம். பாறையில் பிசகினால் அடிப்பாகம் உடையலாம். இங்கே தரை முழுக்கச் சமதளம். பாறையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. ஓட்டுபவர் நிதானமாக இருந்தால், மணலில் புதைந்து நிற்பதுதான் பெரும்பாலும் நடக்கக்கூடிய மோசமான விஷயம். அதற்கு ஒரு மண்வெட்டியும் பொறுமையும் போதும்.

என்னிடம் இருப்பது பழைய டொயோட்டா ஃபோர் ரன்னர். உயரம் கூட்டவில்லை, கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறது. என்னை அக்கா என்று கூப்பிடும் பக்கத்து அபார்ட்மென்ட் மதுரைக்காரப் பெண் ஒருத்தி சுபாரு ஃபாரஸ்டர் வைத்திருக்கிறாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கும் பட்டேல் பிரதர்ஸ் மளிகைக் கடைக்கும் தவிர அதை எங்கும் கொண்டு போனதில்லை. “அக்கா, என் வண்டி இதுக்குத் தாங்குமா?” என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபாரஸ்டருக்குத் தரையிலிருந்து 8.7 அங்குல இடைவெளி இருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் விசை போகிறது. முக்கியப் பாதையை விட்டு விலகாமல், மண் கொஞ்சம் ஈரமாக இருக்கும் நாளாகப் பார்த்துப் போனால் தாராளமாகத் தாங்கும். சாதாரண செடான் வேண்டாம். ஜிபிஎஸ் குறுக்கு வழி காட்டுகிறது என்று நம்பி கேம்ரியோடு உள்ளே போய் வயிறு தட்டி நின்றவர்கள் உண்டு.

போன இளவேனிலில் இரண்டு வண்டியாகப் போனோம். முதல்முறை போகிறவர்கள் தனியாகப் போகவே கூடாது. உள்ளே பல இடங்களில் செல்போன் சிக்னல் இல்லை. சாலையோர உதவிக்கு மாதாமாதம் பணம் கட்டியிருந்தாலும் அந்த வண்டிகள் பெரும்பாலும் தார்ச்சாலையைத் தாண்டி வராது.

நேராகப் பெரிய பாதைக்குப் போகாமல் முதலில் டாபர்னக்கிள் என்ற ஊர் வழியாகக் கரான்ஸா நினைவுச்சின்னத்துக்குப் போனோம். அதுவரை தார்ச்சாலைதான். எமிலியோ கரான்ஸா என்ற மெக்சிகோ விமானி 1928 ஜூலை 12 அன்று நியூ யார்க்கிலிருந்து மெக்சிகோ நகரத்துக்குக் கிளம்பி, இடிமழையில் சிக்கி இந்தக் காட்டில் விழுந்து இறந்தார். வயது 22. மெக்சிகோவின் பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசாகச் சேர்த்துக் கொடுத்த பணத்தில் எழுந்த தூண் இது. கீழ்நோக்கி விழும் கழுகு ஒன்றை அதில் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் இங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள். சுற்றிலும் பைன் மரத்தைத் தவிர எதுவும் இல்லாத இடத்தில் அந்தக் கல்லைப் பார்க்கும்போது, எங்கோ ஒரு வகுப்பறையில் உண்டியல் சுற்றி வந்திருக்கும் என்ற நினைப்பு எனக்கு வராமல் இருப்பதில்லை.

அந்த இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தார் முடிகிறது. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சிறிது தூரம் போய்ப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் திரும்பித் தாருக்கு வந்துவிடலாம்.

டயர் காற்றைக் குறைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கமாக 35 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அளவு) வைத்திருப்போம். மணலுக்கு நான் 20 வரை இறக்குவேன். காற்று குறைந்தால் டயர் தரையில் நீளமாகப் படியும், பாரம் பரவும், மணலைத் தோண்டாமல் அதன் மேலேயே போகும். 15-க்குக் கீழே போக வேண்டாம். திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். “இவ்வளவு இறக்கினா டயர் பஞ்சராயிடாதாக்கா?” என்று அவள் பயந்தாள். மெதுவாக, 20 மைல் வேகத்துக்குள் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் காற்றடித்துவிட வேண்டும். குறைந்த காற்றோடு ஹைவேயில் போவதுதான் ஆபத்து, டயர் சூடேறி வெடிக்கலாம். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன கம்ப்ரசர் ஒன்று வண்டியில் இருக்கட்டும். மெதுவாகத்தான் ஏறும், போகட்டும்.

நான் பிறந்து வளர்ந்தது சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டு ஓரம். செம்மணலில் டிராக்டர் ஓட்டிய அப்பா ஒரு விஷயம் அடிக்கடி சொல்வார்: “மணல்ல சக்கரம் சுத்துச்சுன்னா உடனே காலை எடுத்துரு. மிதிக்க மிதிக்க நீயே குழி தோண்டுத.” இங்கே இருப்பது வெள்ளை மணல், ஷுகர் சேண்ட் என்கிறார்கள். நிறம் வேறு, புத்தி அதே புத்திதான். வேகம் வேண்டாம், ஆனால் ஓட்டம் நிற்கக் கூடாது. ஆக்சிலேட்டர் ஒரே சீராக இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கக் கூடாது. நிறுத்த வேண்டுமானால் பிரேக்கை அழுத்தாமல், காலை எடுத்துத் தானாக நிற்க விட வேண்டும். பிரேக் அடித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து, கிளம்பும்போது அதுவே தடையாகிவிடும். சக்கரம் சுழன்றுவிட்டதா? நிறுத்தி, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் பின்னால் போய், மறுபடி வர வேண்டும். பெரும்பாலும் இதிலேயே வெளியே வந்துவிடலாம்.

ஃபோர் ரன்னரில் தார் முடிந்ததும் ஃபோர் ஹைக்கு, அதாவது நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் சாதாரண வேக நிலைக்கு மாற்றினால் போதும். மெதுவாக, அதிக இழுவிசையோடு நகரும் ஃபோர் லோ இங்கே அநேகமாகத் தேவைப்படாது, புதைந்த வண்டியை நகர்த்தும்போது உதவும். திரும்பத் தாருக்கு வந்ததும் இரண்டு சக்கரத்துக்கு மட்டும் விசை போகும் டூ ஹைக்கு மாற்றிவிட வேண்டும். இந்த வகை வண்டியில் ஃபோர் ஹையில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்வதால், காய்ந்த தார்ச்சாலையில் திரும்பும்போது கியர்கள் முறுக்கிக்கொள்ளும். சுபாருவுக்கு இந்தக் கவலை இல்லை. ஆழமான மணலில், சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுவது நல்லது. சக்கரம் லேசாக வழுக்கியதும் அது எஞ்சின் விசையைக் குறைத்துவிடும், நமக்கு விசை வேண்டிய நேரம் அதுதான்.

அரை மணி நேரம் அங்கே போவதும் வருவதுமாக ஓட்டிப் பார்த்தாள். முதலில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தவள், வண்டி தானே தடத்தைப் பிடித்துப் போகும் என்று புரிந்ததும் தோளைத் தளர்த்தினாள். அப்புறம்தான் அட்சியன் பக்கம் போனோம்.

206-ம் நம்பர் சாலையில் அட்சியன் ஏரிக்கு எதிரே வனத்துறை அலுவலகம் இருக்கிறது. எந்தப் பாதையில் வண்டி விடலாம், எதில் விடக் கூடாது என்பதற்கு மாநிலம் வரைபடம் வெளியிட்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். பதிவும் இன்சூரன்சும் உள்ள, சாலையில் ஓடத் தகுதியான வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி. ஏடிவி எனும் திறந்த நான்கு சக்கர மோட்டார் வண்டியைக் கொண்டுவரக் கூடாது. வரைபடத்தைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொண்டால் சிக்னல் போனாலும் கவலை இல்லை.

அங்கிருந்து குவேக்கர் பிரிட்ஜ் ரோடு கிளம்பி, காட்டின் நடுவே, பழைய இரும்பு உலை ஊரான பாட்ஸ்டோ வரை போகிறது. பத்து மைலுக்குள்தான் இருக்கும். நின்று நின்று போனால் அரை நாள் ஆகிவிடும், ஆகட்டும். இருபுறமும் பிட்ச் பைன். உயரம் அதிகமில்லாத, முறுக்கிய கிளைகள் கொண்ட, அழகு என்று சட்டென்று சொல்லிவிட முடியாத மரம். ஆனால் அதைத் தெரிந்துகொண்டால் மரியாதை வந்துவிடும். 2022 ஜூனில் இந்தப் பகுதியில் பெரிய தீ. முலிகா ஆற்றை ஒட்டி 13,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. இந்தச் சாலையையும் பாட்ஸ்டோவையும் மூடினார்கள். யாரோ சட்டவிரோதமாக மூட்டிய நெருப்பு என்று விசாரணையில் தெரிந்தது. எந்தக் காடாக இருந்தாலும் அவ்வளவுதான் என்று நினைப்போம். பிட்ச் பைன் அப்படி இல்லை. தடித்த பட்டை கருகினாலும் உள்ளே உயிர் இருக்கும். அடிமரத்திலிருந்தே நேராகப் பச்சை ஊசிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பிவிடும். இங்குள்ள பல மரங்களின் கூம்புகள் பிசினால் ஒட்டி மூடியே கிடக்கும். தீயின் சூடு பட்டால்தான் திறந்து விதையைக் கொட்டும். கரிய மரம், அதன் உடம்பெல்லாம் பச்சைத் துளிர். வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்க வேண்டிய காட்சி.

நிறுத்தும்போது ஒன்று: காய்ந்த புல் மேலோ பைன் ஊசிக் குவியல் மேலோ நிறுத்தாதீர்கள். வண்டிக்கு அடியில் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் சூடு தீப்பிடிக்கப் போதுமானது. வெறும் மணலாகப் பார்த்து நிறுத்துங்கள்.

போகிற வழியில் தேங்கிய தண்ணீர் வந்தது. பாதையின் முழு அகலத்துக்கும் குளமாகக் கிடந்தது. இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும்.

அவள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். இடது பக்கம் புதர்களை நசுக்கி யாரோ ஒரு சுற்றுப்பாதை போட்டிருந்தார்கள். “இப்படிச் சுத்திப் போயிரலாமாக்கா? ஈசியா இருக்கும்போலயே.” வேண்டாம் என்றேன். ஒருவர் சுற்றிப் போனால் அடுத்தவரும் அதே வழியில் போவார். கொஞ்ச நாளில் அதுவும் குழியாகும். பிறகு அதையும் சுற்றி இன்னொன்று. இப்படியே பத்தடிப் பாதை ஐம்பதடிச் சேறாக மாறிய இடங்கள் இந்தக் காட்டில் இருக்கின்றன. இந்த மண் நைந்து போனால் சீக்கிரத்தில் ஆறாது. சத்தே இல்லாத மணல், செடி வேர் பிடிக்க வருடங்கள் ஆகும். காட்டுக்குள் இருக்கும் ஆழமில்லாத மழைக்குட்டைகளில்தான் பைன் பாரன்ஸ் மரத்தவளை முட்டையிடுகிறது. உள்ளங்கையில் அடங்கும் பச்சைத் தவளை, உடலின் இருபுறமும் ஊதா நிறக் கோடு. சேற்றில் வட்டமடித்து விளையாட அந்தக் குட்டைகளுக்குள் வண்டி இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே மாலையில் ஒரு தலைமுறை தவளை போய்விடும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? ஒரு நீளக் கம்பை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்து பார்க்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். அடித்தரை கெட்டியாக இருந்து, தண்ணீர் சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் கீழே இருந்தால், நடுவிலேயே நடை வேகத்தில் சீராகப் போய்விடலாம். அடி தெரியவில்லை, கம்பு இறங்கிக்கொண்டே போகிறது என்றால் திரும்பிவிட வேண்டும். திரும்புவது ஒன்றும் தோல்வி இல்லை, காட்டுக்குள் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வது. அன்று கம்பு முழங்கால் அளவு கூட நனையவில்லை. நான் முதலில் போனேன். அவள் நான் கரையேறும்வரை காத்திருந்து, பிறகு இறங்கினாள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் தண்ணீரில் இருக்க வேண்டும். அக்கரை வந்து கண்ணாடியை இறக்கி அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே இன்னும் எத்தனை பேரை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வருவேன்.

குவேக்கர் பிரிட்ஜ் என்பது பாட்ஸ்டோ ஆற்றின் மேல் ஒரு சின்னப் பாலம். கடற்கரைப் பக்கம் நடக்கும் கூட்டத்துக்குப் போன குவேக்கர்கள் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) சிலர் இந்த ஆற்றைக் கடக்கையில் மூழ்கிப் போனதால், 1772-ல் அவர்களே கூடி இங்கே பாலம் கட்டினார்கள் என்று சொல்கிறார்கள். கீழே ஓடும் தண்ணீர் பால் விடாத டீ போலச் செம்பழுப்பாக இருக்கும். அழுக்கு இல்லை. வெள்ளை சிடார் மரங்களின் துவர்ப்பும் மண்ணிலுள்ள இரும்பும் கலந்த நிறம். அந்தக் கால மாலுமிகள் நீண்ட பயணத்துக்கு இந்தத் தண்ணீரைத்தான் பீப்பாயில் பிடித்துப் போவார்களாம், சீக்கிரம் கெடாது என்பதால்.

தண்ணீர் என்றதும் ஜோசப் வார்ட்டனைச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் இடம் கிடைக்காதா என்று ஏங்கும் வார்ட்டன் பிசினஸ் ஸ்கூல் அவர் பெயரில் இருப்பதுதான். 1876-ல் பாட்ஸ்டோவை வாங்கியவர், சுற்றியுள்ள நிலத்தையும் வாங்கிக் குவித்தார். காட்டுக்கு அடியிலுள்ள நன்னீரைக் குழாய் போட்டு பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோவது அவர் திட்டம். மாநிலத்துக்கு வெளியே தண்ணீர் கொண்டுபோகக் கூடாது என்று நியூ ஜெர்சி சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. காவிரிப் பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை உடனே புரியும். அவர் இறந்து பல வருடம் கழித்து, 1950-களில் மாநிலம் அந்த நிலத்தை வாங்கியது. ஒருவரிடமே மொத்தமாக இருந்ததால்தான் துண்டு துண்டாக வீட்டுமனை ஆகாமல் காடு தப்பியது. அதனடியில் இன்றைக்கும் 17 லட்சம் கோடி கேலன் தண்ணீர் இருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாம் ஓட்டுவது அதன் மேல்தான். வண்டியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று கிளம்புமுன் குனிந்து பார்த்துவிடுங்கள். மணல் எதையும் வடிகட்டித் தடுத்து வைக்காது, நேராகக் கீழே இறக்கிவிடும்.

கடைசி இரண்டு மைல் சுலபம், சொல்ல ஒன்றும் இல்லை. பாட்ஸ்டோவில் 1766-ல் சார்ல்ஸ் ரீட் தொடங்கிய இரும்பு உலை, அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது படைக்குத் தேவையானவற்றைச் செய்து கொடுத்தது. சதுப்பு நீரில் கரைந்துவரும் இரும்பு கரையோரம் படிந்து தாதுவாகிறது. அதைத் தோண்டி, பைன் கரியில் உருக்கியிருக்கிறார்கள். உலை இப்போது இல்லை. மாளிகையும் பொதுக் கடையும் தொழிலாளர் வீடுகளும் அப்படியே நிற்கின்றன. அங்கே மேசை போட்டு, கொண்டுபோன புளிசாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் சாப்பிட்டுக்கொண்டே கம்ப்ரசரை ஓடவிட்டோம். எட்டு டயருக்கும் காற்று ஏறுவதற்குள் இரண்டாவது பொட்டலமும் காலி.

கொண்டுபோக வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். காற்று அளவு பார்க்கும் கேஜ், மண்வெட்டி, நிறைய குடிதண்ணீர், முழு டேங்க் பெட்ரோல். இழுப்பதற்குக் கொக்கி இல்லாத, துணிப்பட்டையாலான கயிறு. அதை வண்டியில் இழுப்பதற்கென்றே கொடுத்திருக்கும் வளையத்தில்தான் மாட்ட வேண்டும். ட்ரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டவே கூடாது, அது ஒடிந்து குண்டாகப் பறந்து ஆள் செத்திருக்கிறார்கள். அப்புறம் உண்ணி. ஏப்ரல் முதல் இலையுதிர் காலம் வரை கடுமையாக இருக்கும், லைம் நோய் என்ற தொற்றைப் பரப்பும். முழுக்கால் பேன்ட் போட்டு, அதைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் காதுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் பார்த்துவிடுங்கள்.

ஆகஸ்ட் வெயிலில் காய்ந்த மணல் பொலபொலவென்று இருக்கும், முதல்முறைக்கு வேண்டாம். அடைமழைக்கு மறுநாளும் வேண்டாம். லேசான மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மணல் இறுகியிருக்கும்போது போங்கள். ஜூன் கடைசி, ஜூலை முதலில் என்றால் பாட்ஸ்டோவிலிருந்து பக்கத்திலேயே ஹாமன்டன், வாளி கொடுத்துப் பறித்துக்கொள்ளச் சொல்லும் ப்ளூபெர்ரித் தோட்டங்கள் இருக்கின்றன. மதுரைக்காரி அதற்குத்தான் இந்தத் தடவை இன்னும் இரண்டு குடும்பத்தைச் சேர்த்திருக்கிறாள். முன்னால் போகப் போவது அவள் வண்டி.